ஏழாம் நம்பர் தறியும் அறிவுள்ள கேமராவும்

உலகத்தில் எந்த மூலையில் எந்த விஞ்ஞானி எதைக் கண்டுபிடித்தாலும், சங்கரன்கோவிலில் எங்கள் தறிக்கூடத்துக்கு அந்தச் சேதி என் மூலமாகத்தான் வந்து சேரும். இத்தனைக்கும் நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டவன். பள்ளிக்கூடம் என்னை விடவில்லை, நான்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் அதில் இரண்டு தரப்புக்கும் சம்மதம்.

பேப்பரில் ஒரு தலைப்பை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் எனக்கு டீ ஆறிவிடும். செல்போன் வந்த பிறகு அந்தக் கஷ்டம் போய்விட்டது. காதில் மாட்டிக்கொண்டால் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். காலையில் ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் ஒரு டீ, ஒரு பருப்பு வடை, நாலு விஞ்ஞானச் செய்தி. வடை வயிற்றில் நிற்கும். செய்தி பாதி வழியிலேயே உருமாறிப் போகும். மிச்சத்தைத் தறிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கி வைப்பேன்.

இறக்கி வைப்பதுதான் பெரிய பாடு. பதினாறு விசைத்தறி ஒரே நேரத்தில் ஓடுகிற இடம் அது. காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். அதனால் எங்கள் ஆட்களுக்குக் கைஜாடையும் வாயசைவும்தான் பாஷை. ரொம்ப நாள் தறியில் நின்றவர்கள் கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தே உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படித்துவிடுவார்கள். நூல் அறுந்தால் இரண்டு விரலால் வெட்டிக் காட்டுவோம். டீ வந்தால் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோவோம். முதலாளி வந்தால் வயிற்றை வட்டமாகத் தடவினால் போதும், எல்லோரும் நிமிர்ந்து நிற்பார்கள்.

ஆனால் விஞ்ஞானத்துக்கு ஜாடை கிடையாது. நானாகத்தான் உண்டாக்க வேண்டியிருந்தது.

கோழியே இல்லாமல் கண்ணாடிக் குடுவைக்குள் கோழிக்கறி வளர்க்கிறார்கள் என்று ஒரு செய்தி. இரண்டு முழங்கையையும் சிறகு மாதிரி அடித்து, பிறகு ஒரு குடுவையைக் கையில் பிடிப்பது போலக் காட்டி, வாயில் போட்டு மென்று காட்டினேன். ஏழாம் நம்பர் தறியில் நின்றவள் என் பெண்டாட்டி. அவள் முகம் அப்போதே ஒரு மாதிரியாகப் போனது. சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"கோழியும் பாட்டிலுமா? யாரு கூட உக்காந்தீங்க?"

"ஏட்டி, அது விஞ்ஞானம்."

"விஞ்ஞானமா? அவன் எந்தத் தறியில நிக்கான்?"

இன்னொரு தடவை, வானத்தில் இருந்து ஒரு பெரிய கல் பூமியைப் பார்த்து வருகிறதாம் என்று செய்தி. முஷ்டியை மேலே இருந்து மெல்ல இறக்கித் தலையில் இடித்துக் காட்டினேன். தறி பழுது பார்க்கும் மேஸ்திரி, நான் அவரைத்தான் குட்டப்போகிறேன் என்று நினைத்து ஸ்பானரை எடுத்துவிட்டார். நாலு நாள் கழித்து அந்தக் கல் வராது, ஒதுங்கிப் போய்விடும் என்று அதே செல்போன் சொன்னது. அதற்குள் நான், உலகம் அழியப் போகிறது, இனி வேலைக்குப் போய் என்ன என்று இரண்டு நாள் லீவு போட்டுக் கட்டிலில் கிடந்திருந்தேன். கல் ஒதுங்கிவிட்டது. பெண்டாட்டி ஒதுங்கவில்லை.

ஒரு செய்தியை மட்டும் அவள் ரசித்தாள். எங்கேயோ துணி மடிக்கிற ரோபோ செய்திருக்கிறார்கள், ஒரு சட்டையை மடிக்க அது ரொம்ப நேரம் யோசிக்கிறது என்று சொன்னேன். "பரவாயில்ல, யோசிக்காவது செய்யுது" என்றாள், கொடியில் மடிக்காமல் கிடந்த என் சாரத்தைப் பார்த்துக்கொண்டே.

இந்த வரிசையில்தான் செயற்கை அறிவு வந்தது. அது பாட்டு எழுதுகிறதாம், படம் வரைகிறதாம், வக்கீலுக்கு நோட்டீஸ் தயார் பண்ணுகிறதாம், டாக்டருக்கு முந்தி நோயைச் சொல்லுகிறதாம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, யார் யார் வேலையெல்லாம் போகப் போகிறது என்று நான்தான் ஊருக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கணக்கப்பிள்ளை வேலை போச்சு. ஜோசியக்காரன் வேலை போச்சு. டிரைவர் வேலை இன்னும் கொஞ்ச நாள்.

மேஸ்திரி வடையைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப நம்ம வேலைவே?"

"நம்ம வேலைக்கெல்லாம் வராது அண்ணாச்சி. அது அறிவு இருக்குத வேலைக்குத்தான் போட்டிக்கு வரும். நம்ம வேலைக்கு எதுக்கு அறிவு? உம்மையும் என்னையும் பாத்தாலே அது திரும்பிப் போயிரும்."

பெஞ்சே சிரித்தது. அந்த வாரமே முதலாளி வயிற்றைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் முன்னே தறியில் நின்றவன்தான். நெய்வதில் நான் எப்படி என்றால், என் தறியில் இருந்து இறங்கும் சேலையைப் பார்த்து முதலாளி ஒரு தடவை, "இது சேலையா, கொசுவலையா?" என்று கேட்டிருக்கிறார். நின்று நின்று இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டு, கெண்டைக்கால் தேங்காய்நார்க் கயிறு மாதிரி ஆகிவிட்டது. இனிமேல் நாள் முழுக்க நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், முதலாளி என்னைத் துணி பார்க்கிற மேஜையில் உட்கார வைத்தார். சாய்வான கண்ணாடி மேஜை. அடியில் டியூப்லைட் எரியும். நெய்து இறங்கிய சேலையை, எங்கள் பாஷையில் பீசை, அதன்மேல் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். எங்காவது இழை விட்டிருந்தால், எண்ணெய்க் கறை இருந்தால், அந்த இடத்துக்கு நேரே கரையில் ஒரு சிவப்பு நூலை முடிந்துவிட வேண்டும். சிவப்பு நூல் விழுந்த சேலைக்கு நெய்தவருக்குக் கூலியில் பிடிப்பார்கள். தன் சேலையில் சிவப்பு நூலைப் பார்த்த எவரும் அன்று என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

பதினொரு வருஷம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் எனக்குத் தெரிந்து, உட்கார்ந்து செய்கிற, என்னால் முடிகிற வேலை அது ஒன்றுதான்.

முதலாளி என் காதில் கத்தினார். "வே, கோயம்புத்தூர்ல இருந்து ஒரு கேமரா வருது. துணியில இருக்க குறைய அதுவே கண்டுபுடிச்சிருமாம். ஒரு மாசம் ஓட்டிப் பாப்போம். சரியா வந்துச்சுன்னா நீரு மறுபடியும் தறிக்குப் போயிரும்."

"முதலாளி, எங்காலு…"

"பாப்போம்வே. மொதல்ல கேமரா வரட்டும்."

டீக்கடையில் ஊருக்கு எழுதிய தீர்ப்பு எனக்கே திரும்பி வந்தது. மேஸ்திரி தூரத்தில் இருந்தே எங்கள் உதட்டைப் படித்துவிட்டார். தன் நெற்றியைத் தொட்டு, பிறகு என்னைக் காட்டி, கை விரித்தார். உமக்கும் அறிவு இருக்குன்னு அது நம்பிட்டே, என்று அதற்கு அர்த்தம்.

கேமராவோடு ஒரு பொண்ணு வந்தாள். இன்ஜினியர். மேஜைக்கு மேலே ஒரு கம்பி நட்டு, அதில் கேமராவை மாட்டி, வயரை இழுத்து மடிக்கணினியில் சொருகினாள். எனக்கு முன்னால் இரண்டு பொத்தான் வைத்தாள். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.

"அண்ணா, இதுக்கு இப்ப ஒண்ணுமே தெரியாதுங்க. பச்சக் குழந்தை மாதிரி. ரெண்டு வாரம் நீங்க எப்பவும் போல துணி பாருங்க. குறை இருந்தா சிவப்ப அழுத்துங்க, நல்லா இருந்தா பச்சைய அழுத்துங்க. உங்களப் பார்த்துத்தான் அது படிக்கும். நீங்கதானுங்க இதுக்கு வாத்தியார்."

வாத்தியார்! மூன்றாம் வகுப்பில் என்னை பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய வாத்தியார் இதைக் கேட்டிருக்க வேண்டும். அவருக்கு அன்றைக்கே தொழில் மேல் வெறுப்பு வந்திருக்கும்.

மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு யோசனை சொன்னார். "ஏலே, கிறுக்கா. ஒன் சோத்துக்கு நீயே மண்ணு போடுவியா? அதுக்குத் தப்புத் தப்பாச் சொல்லிக்குடு. நல்ல துணிக்கு சிவப்பு, ஓட்டத் துணிக்குப் பச்ச. மாசக் கடைசியில அது தொப்புன்னு பெயிலாயிரும்."

நல்ல யோசனைதான். அன்று காலை மேஜைக்குப் போய் அதையே செய்வோம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கையால் முடியவில்லை. ஜென்மத்தில் முதல் தடவையாக ஒருத்தி வாத்தியார் என்று சொல்லியிருக்கிறாள், அதுவும் படித்த பொண்ணு. முதல் மாணவனையே கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. கேமராவுக்குத் தெரியட்டும் என்று, இழை விட்ட இடத்தை விரலால் தடவிக் காட்டி, "இந்தா, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் சிவப்பை அழுத்துவேன். என் வேலையைப் பறிக்க வந்ததற்கு நானே கை பிடித்து எழுத்துப் பழக்கினேன். இப்படி ஒரு மடையனை எந்த விஞ்ஞானியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

பதினைந்து தறிக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன். ஏழாம் நம்பருக்கு மட்டும் பச்சைதான்.

காரணம் பதினொரு வருஷத்துக்கு முந்தியது. துணி பார்க்க உட்கார்ந்த முதல் வாரம், நியாயஸ்தன் என்று பெயர் எடுக்க வேண்டும் என்று, என் பெண்டாட்டி நெய்த சேலையில் மூன்று இடத்தில் சிவப்பு நூல் முடிந்தேன். சாயங்காலம் தட்டில் சோற்றைப் போட்டு, குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எந்த எடம்?" என்று கேட்டாள்.

"எதும்மா?"

"மூணு எடம்னு நூல் கட்டியிருந்தீங்களே. எந்த எடம்?"

மற்ற நேரத்தில் நான் அவளை ஏட்டி என்பேன். குழம்புக் கரண்டி அவள் கையில் இருக்கும்போது அம்மா. இடத்தைச் சொன்னேன். கடைசி வரைக்கும் கரண்டி சட்டிக்குள் போகவில்லை. வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தேன். அவள் அன்று சாப்பிடவே இல்லை. பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "நம்ம தறிச் செட்டுலயே நல்லா நெய்யுதவ நாந்தான்னு நெனச்சிருந்தேன்" என்று சொன்னாள். என்னிடம் சொன்னாளா, சுவரிடம் சொன்னாளா தெரியவில்லை.

மறுநாளில் இருந்து ஏழாம் நம்பரில் சிவப்பு நூலே விழவில்லை. அதற்காக முதலாளிக்கு ஓட்டைச் சேலையை அனுப்பினேன் என்று நினைக்க வேண்டாம். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அவள் சேலையை மட்டும் எடுத்து, ஒரு ஊசியில் அதே நூலைக் கோத்து, விட்ட இழையை மேலும் கீழுமாக எடுத்துக் கோத்துச் சரி பண்ணிவிடுவேன். எண்ணெய்க் கறையைச் சாக்பீஸ் தூள் போட்டு எடுப்பேன். மேஜைக்கு அடியில் ஒளித்து வைத்த ஒரு பாக்கு டப்பாவில் ஊசியும், அவள் தறியில் ஓடுகிற கலர் நூல் எல்லாமும் இருக்கும். ஒருத்தருக்கும் தெரியாது. செட்டிலேயே குறை இல்லாமல் நெய்கிறவள் ஏழாம் நம்பர்தான் என்று முதலாளி தீபாவளிக்கு எல்லோருக்கும் முன்னால் சொல்வார். அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். கொசுவலை நெய்தவனைப் பார்க்கிற பார்வை அது. பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருப்பேன்.

இப்போது கேமரா மேலே இருந்து முழித்துப் பார்க்கிறது. ஏழாம் நம்பர் சேலை வருகிறது, ஓட்டை தெரிகிறது, என் விரல் பச்சைக்குப் போகிறது. பழக்கம். மத்தியானம் ஊசி எடுத்து வழக்கம்போல் சரி பண்ணிவிட்டேன். அது வெறும் கேமராதானே, அதற்கு என்ன தெரியப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வாரம் முடிந்தது. பொண்ணு பொத்தான்களை எடுத்துவிட்டு, சிவப்பும் பச்சையுமாக இரண்டு பல்பை மாட்டினாள். இனி அதுவே பார்த்து அதுவே சொல்லும். என்னை மேஜையில் இருந்து எழுப்பி, சேலைகளைக் கட்டாகக் கட்டுகிற இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்டூல் கிடையாது. நாள் முழுக்க நிற்க வேண்டும். மூன்றாம் நாளே காலில் செருப்பு ஏறவில்லை. என் பெண்டாட்டி நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிட்டுக்கொண்டே, "அந்த மூதி கேமரா நாசமாப் போவ" என்று திட்டினாள். அதுவோ அருமையாகப் பார்த்தது. ஒரு இழை விட்டால் போதும், சட்டென்று சிவப்பு எரியும். என் மாணவன் என்னைவிடக் கெட்டிக்காரன். பெருமையாகத்தான் இருந்தது. மாசக் கடைசியில் முதலாளி முடிவு சொல்ல வேண்டும். அவர் என்ன சொல்வார் என்பது அந்தப் பச்சை பல்புக்கே தெரியும்.

இதற்குள் மேஸ்திரி ஒன்றைக் கவனித்துவிட்டார். எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சேலையைத் தறியில் இருந்து இறக்கும்போது, எந்தத் தறி என்று தெரிய வேண்டும் என்பதற்காக, முனையில் நீலப் பென்சிலால் தறி நம்பரை எழுதுவார்கள். மேஸ்திரி பார்த்தது என்னவென்றால், ஏழு என்று எழுதிய சேலைக்குக் கேமரா சிவப்பே எரிவதில்லை. சந்தேகத்துக்கு, பன்னிரண்டாம் நம்பர் தறியில் இருந்து ஒரு சாண் நீளத்துக்கு இழை விட்ட சேலையை எடுத்து, நம்பரை அழித்து ஏழு என்று எழுதி மேஜையில் ஓட்டினார். பச்சை.

அவ்வளவுதான். சேதி கைஜாடையில் பதினாறு தறிக்கும் பறந்தது. மறுநாளில் இருந்து யார் சேலை இறக்கினாலும் முனையில் ஏழு. கூலிக் கணக்குக்குத் தறியில் தனிச் சீட்டு உண்டு என்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. என் பெண்டாட்டிக்கு மட்டும் காரணம் தெரியாது. "எந்நம்பர் ராசியான நம்பராம். எல்லாவளும் அதையே எழுதுதாளுவ" என்று வீட்டில் வந்து பூரித்துப்போனாள். நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

எங்கள் ஊர்க் கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம், மதுரைக் கடைக்காரர் ஒரு சேலைக்கட்டை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். எல்லாம் ஓட்டை. முதலாளி கட்டைப் பிரித்துப் பார்த்தார். அத்தனையிலும் ஏழு. துணி பார்த்த நோட்டை எடுத்துப் பார்த்தால், ஒரு வாரத்தில் ஏழாம் நம்பர் தறி மட்டும் பதினாறு தறி நெய்கிற சேலையை நெய்து தள்ளியிருக்கிறது. போன் போட்டு அந்தப் பொண்ணை வரவழைத்தார்.

அவள் மடிக்கணினியைத் திறந்து என்னென்னவோ தட்டினாள். பிறகு முதலாளியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். என்னையும் கூப்பிட்டார்கள். தறி எல்லாம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் தலையை ஒட்ட வைத்துக்கொண்டு கத்திப் பேசினோம்.

"அண்ணா, கேமரா எந்த இடத்தப் பார்த்து முடிவு பண்ணுதுன்னு இதுல தெரியுங்க. மத்த தறிச் சேலையில துணி பூராவும் தேடிப் பாக்குது. ஏழுன்னு எழுதியிருந்தா மட்டும் அந்த மூலைய ஒரு தடவ பாக்குது. அப்புறம் துணியத் திரும்பியே பாக்கறதில்லீங்க. பச்சையப் போட்டிருது."

"அது ஏன் அப்படிச் செய்யுது?" முதலாளி கத்தினார்.

பொண்ணு என்னைப் பார்த்தாள். "அது சொந்தமா ஒண்ணும் செய்யாதுங்க. வாத்தியார் என்ன செஞ்சாரோ அதைத்தான் செய்யும்."

விளங்கிவிட்டது. நான் அதற்கு ஓட்டையைக் கற்றுக்கொடுத்தேன், கறையைக் கற்றுக்கொடுத்தேன், கூடவே என் பெண்டாட்டியிடம் பயப்படவும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். உலகத்திலேயே எங்கள் வீட்டுக்காரிக்குப் பயப்படுகிற முதல் இயந்திரம் சங்கரன்கோவிலில்தான் இருக்கிறது. எந்தச் செய்தியிலும் இதைச் சொல்லவில்லை.

"ஏம்வே, ஏழாம் நம்பர மட்டும் எதுக்கு விட்டீரு? ஒமக்குக் கண்ணு தெரியலியா?" என்றார் முதலாளி.

இரண்டு வழிதான் இருந்தது. கண் தெரியவில்லை என்று சொன்னால், கண் தெரியாதவனுக்கு ஸ்டூல் எதற்கு? மறுபடி தறியில் நிற்க வேண்டும், கால் அத்தோடு முடிந்தது. உண்மையைச் சொன்னால் பதினொரு வருஷமாகக் காப்பாற்றி வைத்தது போய்விடும். ஏழாம் நம்பரைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நூலைச் சரிபண்ணிக்கொண்டே எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைப் படிப்பதில் செட்டில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அதனால் அவளுக்கு முதுகைக் காட்டி நன்றாகத் திரும்பி நின்றுகொண்டேன். பதினாறு தறி போடுகிற சத்தம், இவளுக்கு என் முதுகு. இதற்கு மேல் என்ன பாதுகாப்பு வேண்டும்? அடித்தொண்டையில் கத்தினேன்.

"கண்ணெல்லாம் நல்லாத் தெரியும் முதலாளி! எம்பொண்டாட்டிக்குப் பயந்துதான்! அவ விடுத ஓட்டையெல்லாம் பதினோரு வருசமா நாந்தான் ஊசி வச்சித் தச்சிக்கிட்டு இருக்கேன்!"

முதல் பாதியில் தறி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாதி தொடங்கும்போது கரண்ட் போய்விட்டது.

பதினாறு தறியும் ஒரே அடியில் நின்றன. அவ விடுத ஓட்டையெல்லாம் என்பதில் இருந்து என் குரல் மட்டும் கோவில் மணி மாதிரி கூடம் முழுக்க அடித்தது. முதல் பாதி கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அது ஊருக்கே தெரிந்த விஷயம். கேட்கக் கூடாத பாதிதான் கேட்டது.

மேஸ்திரி பைய, "சோலி முடிஞ்சு" என்றார். கரண்டையா என்னையா, தெரியவில்லை.

பெண்டாட்டி தறியை விட்டு நடந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே மேஜைக்கு வந்து, அதற்கு அடியில் கையை விட்டுத் துழாவி, பாக்கு டப்பாவை எடுத்துத் திறந்தாள். ஊசி. பக்கத்தில் சின்னச் சின்ன நூல் சிட்டை. போன பொங்கலுக்கு அவள் நெய்த மாம்பழ மஞ்சள், அதற்கு முந்திய மயில்கழுத்து, இப்போது ஓடுகிற அரக்கு. எல்லாம் அவள் தறிக் கலர். ஒவ்வொரு சிட்டையாக விரலால் புரட்டினாள். பிறகு அலமாரியில் இருந்து தன் சேலை ஒன்றை உருவினாள். கேமரா வேலை தொடங்குவதற்கு முந்தி நான் பார்த்து, தைத்து, இன்னும் அனுப்பாமல் மிச்சம் வைத்த பழைய சேலை அது. என் முன்னால் விரித்தாள்.

"எந்த எடம்?" என்றாள்.

கரண்டி இல்லை. ஆனால் அதே குரல்.

ஜன்னல் வெளிச்சத்தில் சேலையை ஒரு தலைப்பில் இருந்து மறு தலைப்பு வரை தேடினேன். தைத்தது நிச்சயம். நாலு இடமாவது இருக்கும். கண்ணுக்குச் சிக்கவே இல்லை. முதலாளி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். மேஸ்திரி விரலால் தடவித் தேடினார். பத்து நிமிஷத்தில் கரண்ட் வந்தது. பொண்ணு மூலையில் எழுதியிருந்த நம்பரை மடித்து மறைத்துவிட்டு, சேலையைக் கேமராவுக்கு அடியில் ஓட்டினாள். இப்போது அது துணி முழுக்கத் தேடித்தான் ஆக வேண்டும். எல்லோரும் பல்பையே பார்த்தோம்.

பச்சை. கடைசி வரைக்கும் பச்சை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, ஒன் கேமரா ஓட்டையக் கண்டுபுடிக்கும். தைக்குமா?"

"தைக்காதுங்க சார்."

"அப்ப மாசாமாசம் குறைன்னு ஒதுக்குத சேலைய எல்லாம் நான் பாதி வெலைக்கு வித்துக்கிட்டிருக்கேன். இங்கன ஒருத்தன் அதத் தைக்கத் தெரிஞ்சும் பொண்டாட்டி சேலைய மட்டும் தச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்." என் பக்கம் திரும்பினார். "வே, நாளையில இருந்து கேமரா சிவப்பு போடட்டும், நீரு தையும். ஸ்டூல எடுத்துப் பழைய எடத்துல போடும்."

கால் தப்பியது. ஆனால் நான் ஸ்டூலைப் பார்க்கவில்லை. ஏழாம் நம்பரைப் பார்த்தேன். அவள் போய்த் தறியைப் போட்டுவிட்டாள்.

மூன்று நாள் பேசவில்லை. வீட்டில் ஒரு சத்தமும் கிடையாது, மின்விசிறிச் சத்தம் தவிர. ஆனாலும் தறிக்கூடத்து மாதிரி ஜாடையில்தான் எல்லாம். கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. தட்டைக் காட்டினால் சோறு. குழம்பு இருந்தது, உப்பும் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கேமராவுக்கு மறுபடியும் முதலில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பொண்ணு பொத்தான்களைத் திரும்ப வைத்தாள். இந்தத் தடவை ஏழாம் நம்பர் சேலைக்கு நான் பொத்தான் மேல் கை வைப்பதற்குள் பக்கத்தில் ஒரு கை வந்தது. பெண்டாட்டி. தறியைப் பக்கத்துக்காரியிடம் பார்க்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். சேலையைத் தானே இழுத்தாள். எனக்குக்கூடத் தெரியாத ஒரு இழையைக் கண்டுபிடித்து, சிவப்பை ஓங்கி அழுத்தினாள். கேமராவைப் பார்த்து வாயை அசைத்தாள். சத்தம் வரவில்லை, ஆனால் உதட்டைப் படித்துவிட்டேன். "இந்தா, பாத்துக்கோ" என்றாள். அன்று அவள் சேலைக்கு விழுந்த அளவு சிவப்பு வேறு எந்தத் தறிக்கும் விழவில்லை. எல்லாவற்றையும் அவளே என் முன்னால் தள்ளிவிட்டு, தையுங்க என்று விரலால் காட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் டீக்கடைக்குக் கிளம்பும்போது என் இடது மணிக்கட்டில் ஒரு சிவப்பு நூல் முடிந்திருந்தது. தூங்கும்போது கட்டியிருக்கிறாள். அடுப்படியில் எட்டிப் பார்த்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், உதட்டைப் படிக்க வழி இல்லை.

"ஏம்மா," என்றேன், "எந்த எடம்?"

திரும்பினாள். மூன்று நாளுக்குப் பிறகு அன்றுதான் வாயைத் திறந்து பேசினாள்.

"பீசு பூராவும்."